இரண்டு வீட்டு வண்டி

எங்கள் வீட்டில் கார் இருந்தது என்று சொன்னால் அது பாதிதான் உண்மை. அந்தக் காரில் பாதிதான் எங்களுடையது. மறுபாதி பக்கத்து வீட்டு மாமாவுடையது.

என் பிள்ளைகளிடம் இதைச் சொன்னபோது, முன்பாதியா பின்பாதியா என்று கேட்டுச் சிரித்தார்கள். நம் வயதுக்காரர்களுக்கு அப்படி விளக்க வேண்டியதில்லை. ஒரு வீட்டில் சிலிண்டர் தீர்ந்தால் அடுத்த வீட்டுச் சிலிண்டர் உருண்டு வந்த காலம் அது. ஒருவர் வாங்கிய வார இதழ் தெருவையே சுற்றி, அட்டை கிழிந்து, வாங்கிய வீட்டுக்குத் திரும்பி வரும். ஆனாலும் கூட்டாகக் கார் வாங்கியவர்கள் என்று எனக்குத் தெரிந்து நாங்கள் மட்டும்தான். தொண்ணூறுகளின் நடுவில், பெங்களூரின் பீன்யாவில்.

பீன்யா என்றால் இப்போது மெட்ரோ நிற்கிற இடம். அப்போது தொழிற்பேட்டையின் கடைசித் தெருவுக்குப் பின்னால் ராகிக் கொல்லைகளை அழித்து வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். காற்றில் எந்நேரமும் இரும்பு அறுக்கும் வாசனை இருக்கும். அப்பாவின் சட்டையை எத்தனை முறை துவைத்தாலும் அதிலும் அதே வாசனைதான். ஒரே காம்பவுண்டுக்குள் ஒட்டிக் கட்டிய இரண்டு வீடுகள், வாசல்களுக்கு நடுவே ஒரு குட்டைச் சுவர். ஒன்றில் நாங்கள், இன்னொன்றில் மாமா குடும்பம். மாமா என்றால் சொந்தம் இல்லை. அப்பாவோடு ஒரே தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அவர் மனைவியை அத்தை என்று கூப்பிடுவேன். அவர்கள் மகள் என் தோழி, என் வகுப்பு, என் பெஞ்சு. அவளுக்கு ஒரு தம்பி, எல்லோர் காலையும் கட்டிக்கொண்டு திரிகிற வயது.

அப்பாவும் அம்மாவும் கல்யாணமான புதிதில் குடியாத்தத்திலிருந்து வந்தவர்கள். மாமா பெங்களூரிலேயே, மர்பி டவுனில் பிறந்து வளர்ந்தவர். அவர் தமிழில் கன்னடமும் உருதும் தாராளமாகக் கலந்திருக்கும். அப்பா ஒரு வாக்கியத்தை யோசித்து முடிப்பதற்குள் அவர் மூன்று பாஷையில் பேசிப் பேரத்தையும் முடித்து, கடைக்காரரோடு சேர்ந்து டீயும் குடித்திருப்பார். கார் வாங்குகிற யோசனையும் அவருடையதுதான். அல்சூர் பக்கம் ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி ஒருவர் விற்கிறார் என்று கேள்விப்பட்டு அப்பாவை இழுத்துக்கொண்டு போனார். எந்தக் கம்பெனி கார் என்று நான் சொல்லப்போவதில்லை. அன்றைக்கு ரோட்டில் ஓடிய பழைய கார்கள் இரண்டு மூன்று வகைதான். நீங்கள் நினைப்பது சரியாகத்தான் இருக்கும். சாம்பல் நிறம். இடதுபக்கப் பின்கதவை வெளியிலிருந்து மட்டும்தான் திறக்க முடியும்.

ஏற்பாடு எளிமையானது. ஒரு ஞாயிறு அவர்களுக்கு, அடுத்த ஞாயிறு எங்களுக்கு. விசேஷம் ஏதாவது வந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஆனால் முறை வைத்ததெல்லாம் பேச்சுக்குத்தான். யார் முறையானாலும் எல்லோரும் ஏறிக்கொள்வோம். ஹெசரகட்டா ஏரிக்குப் போவோம், கர்நாடகத்துச் சிவகங்கை மலைக்குப் போவோம், எங்குமே போகாமல் தும்கூர் ரோட்டில் தட்டு அகலத்துக்கு இருக்கும் தட்டே இட்லி சாப்பிட்டுவிட்டுத் திரும்புவோம். அப்பாவுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தது மாமாதான். அப்பா கிளட்சை விடும்போதெல்லாம் வண்டி தவளை போலத் துள்ளும். பின்சீட்டில் நாங்கள் சிரித்தால் அம்மா சத்தமில்லாமல் தொடையில் கிள்ளுவாள்.

வண்டிக்குள் வெயிலில் காய்ந்த ரெக்சின் வாசனையும் ஆரஞ்சுத் தோல் வாசனையும் கலந்திருக்கும். அம்மா பழைய ஜன்னல் திரையை வெட்டி சீட்டுக்கு உறை தைத்தாள். அத்தை கியர் குமிழுக்கு ஊதாக் கம்பளி நூலில் ஒரு குல்லா பின்னிப் போட்டாள். அது எங்கே போனது என்று தெரியவில்லை. இப்போது கையில் கிடைத்தால் வைத்துக்கொள்வேன். டிக்கியில் எப்போதும் ஒரு பழைய எண்ணெய் டின் நிறையத் தண்ணீர் இருக்கும். ரேடியேட்டருக்கு ஊற்ற. இரண்டு வீட்டுக்கும் பொதுவான போர்வெல் தண்ணீர். குடித்தால் நாக்கில் உப்புக் கரிக்கும். பாத்திரத்தில் காய்ந்தால் வெள்ளையாகப் படியும். அதைத்தான் இரண்டு வீட்டாரும் வண்டிக்கு ஊற்றினோம்.

நான் சொல்ல வந்தது அந்த ஒரு கோடை விடுமுறையைப் பற்றி.

விடுமுறை தொடங்கிய ஞாயிறு மாமாவின் முறை. அத்தையின் அம்மா வீடு கேஜிஎஃப் என்கிற கோலார் தங்கவயலில். அங்கே போய்விட்டு வந்தவர்கள் கேட்டுக்குள் நுழையும்போதே பானெட்டிலிருந்து ஆவி கிளம்பிக்கொண்டிருந்தது. மாமா இறங்கியதும் முதல் வேலையாக அப்பாவிடம் வந்து, வழியெல்லாம் வண்டி கொதித்தது, தண்ணீர் ஊற்றி ஊற்றித்தான் கொண்டுவந்தேன், பிரித்துப் பார்க்க வேண்டும் என்று சொன்னார். நான் அங்கேதான் நின்றிருந்தேன். அப்பா அடுத்த வாரம் ஊருக்குப் போய்விட்டு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

ஊரில் பெரியப்பா மகளுக்கு நிச்சயதார்த்தம். அந்த வீட்டு வாசலில் சொந்தக் காரில் போய் இறங்க வேண்டும் என்று அப்பாவுக்கு ஆசை. வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் முந்தின நாள் முழுக்க வண்டியைக் கழுவித் துடைத்தார். டயருக்குக்கூடக் கருப்புப் பாலிஷ் போட்டார். மாமா சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, பஸ்ஸில் போய்விடு என்று சொல்லிப் பார்த்தார். அப்பா சிரித்து மழுப்பினார்.

கோலார் தாண்டியதும் டெம்பரேச்சர் முள் ஏறத் தொடங்கியது. ஓரங்கட்டி, ஆறவைத்து, தண்ணீர் ஊற்றி, கொஞ்ச தூரம் போய், மறுபடியும் ஓரங்கட்டினோம். டின் காலியானதும் அம்மா பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரு பம்புசெட் தொட்டியில் தண்ணீர் மொண்டு வந்தாள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பந்தி முடிந்து இலைகளை எடுத்துக்கொண்டிருந்தார்கள். தட்டு மாற்றும்போது பெண்ணின் சித்தப்பாவாகப் பக்கத்தில் நின்றிருக்க வேண்டிய அப்பா, கிரீஸ் படிந்த கையோடு பந்தல் வாசலில் நின்றார்.

பெரியப்பா எல்லோர் முன்னிலும் ஒன்றும் சொல்லவில்லை. பின்னால் கிணற்றடிக்கு அழைத்துப்போய்ப் பேசினார். நான் லட்டைத் தின்றுகொண்டு அங்கே துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்திருந்தேன். புது வண்டி வாங்க முடியாவிட்டால் சும்மா இருந்திருக்கலாம், கூட்டு எதற்கு என்றார். அப்புறம் அந்தப் பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிக் கேட்டார். மர்பி டவுன் என்று அப்பா சொன்னதும் பெரியப்பா வாயைக் கொப்பளித்தார்.

“அவங்க எந்தப் பக்கத்து ஆளுங்க?” என்று கேட்டார்.

அப்பா தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை.

“அதான பாத்தேன். அவங்களுக்குப் பொருள வெச்சிக்கத் தெரியாது. நீ நம்பி சாவிய குடுத்துட்டு வந்து நிக்கற.”

பக்கம் என்றால் திசை என்று நினைத்துக்கொண்டேன். அவர்கள் வீடு எங்கள் வீட்டுக்குக் கிழக்கே இருந்தது. அவர்கள் கூடத்தில் புத்தர் படம் இருக்கும், ஞாயிறு காலையில் அத்தை அதற்குப் பூ வைப்பாள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அதற்கும் பெரியப்பா கேட்டதற்கும் என்ன தொடர்பு என்று புரிய எனக்குப் பல வருடங்கள் ஆயின. அப்பாவுக்கு அன்றைக்கே புரிந்திருந்தது. அவர் மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பதுதான் இப்போது நினைத்தால் எனக்குத் தெரிகிறது.

வண்டியை எப்படியோ பெங்களூர் கொண்டுவந்து சேர்த்தார். காம்பவுண்டுக்குள் இருந்த சப்போட்டா மரத்தடியில் நிறுத்தி, அடுத்த ஞாயிறே இரண்டு பேரும் பானெட்டைத் திறந்தார்கள். தண்ணீர் எங்கோ போகிறது, ஆனால் தரையில் ஒரு சொட்டுகூட இல்லை. வாட்டர் பம்பில்தான் கோளாறு என்று மாமா சொன்னார். அப்பாவும் அதையே சொன்னார். பம்பைத் தொட வேண்டுமானால் முன்னால் இருக்கிற எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். முதலில் ரப்பர்க் குழாய்கள், பிறகு ரேடியேட்டர், பிறகு ஃபேன், ஃபேன் பெல்ட். கழற்றக் கழற்றச் சாக்கின் மேல் வரிசையாக வைத்தார்கள். எந்த போல்ட் எதற்கு என்று மறந்துபோகாமல் இருக்க மாமா ஒவ்வொரு தொகுதியையும் ஒரு காலி ஊறுகாய் பாட்டிலில் போட்டார். ரேடியேட்டரின் இடுக்குகளில் செத்த தும்பிகளும் வண்ணத்துப்பூச்சிச் சிறகுகளும் ஒட்டியிருந்தன. அவற்றை நானும் தோழியும் ஈர்க்குச்சியால் எடுத்துத் தாளில் பரப்பினோம். மாமா ரேடியேட்டரைத் தன் வீட்டுப் பின்கட்டுக்குத் தூக்கிப்போய் வைத்தார். சாவகாசமாகச் சுத்தம் செய்யலாம் என்று.

கடைசியில் பம்பு வெளியே வந்தது. அப்பா அதைக் கையில் வைத்துச் சுழற்றினார். ஆட்டமில்லாமல் அழகாகச் சுழன்றது. கசிந்த அடையாளமே இல்லை.

“பம்பு நல்லாத்தான் இருக்குது” என்றார் மாமா. அவர் குரலில் ஏமாற்றம்.

“அப்ப தண்ணி எங்க போச்சி?”

“தெர்லயே. இன்னும் ஸ்வல்ப உள்ள பாக்கணும்.”

“உள்ள பாக்க என்னா இருக்குது. நீ கேஜிஎஃப் போனப்ப தண்ணி இல்லாம ஓட்டிட்ட. அதுல எஞ்சின் ஹெட்டு போயிருக்கும்.”

“ஊத்திக்கினுதான்பா வந்தேன். வந்ததும் உன்கிட்ட சொன்னேனா இல்லியா?”

அதோடு நின்றிருக்கலாம். இதைவிடப் பெரிய சண்டைகளெல்லாம் அவர்கள் கிரிக்கெட்டுக்காகப் போட்டிருக்கிறார்கள். ஆனால் அப்பா பம்பைச் சுழற்றிக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல் சொன்னார்.

“உங்க ஆளுங்களுக்குப் பொருள வெச்சிக்கத் தெரியாது. அதுவும் அடுத்தவன் பொருள்னா கேக்கவே வேணாம்.”

அம்மா கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவள் கை அப்படியே நின்றது. மாமா வேஸ்ட் துணியை எடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைத்தார்.

“எங்க ஆளுங்கன்னா யாரு?” என்று கேட்டார்.

அப்பா பம்பை மறுபடியும் சுழற்றினார்.

“அடுத்தவன் பொருள் இல்ல சார். பாதி என்னுது.”

தொழிற்சாலையில் அப்பா சூப்பர்வைசர், மாமா ஃபிட்டர். அங்கே மட்டும்தான் ‘சார்’. காம்பவுண்டுக்குள் அவர் அப்பாவை அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டது அன்றுதான். ஸ்பேனரைச் சாக்கின் மேல் வைத்துவிட்டு வீட்டுக்குள் போனார். என் தோழியையும் உள்ளே கூப்பிட்டார்கள். வண்ணத்துப்பூச்சிச் சிறகுகள் பரப்பிய தாளோடு நான் மட்டும் நின்றேன்.

அன்று மதியம் அம்மா சோறு போட்டுக்கொண்டே அப்பாவிடம், “அது உங்க அண்ணன் பேசின பேச்சு. எப்பலேர்ந்து உங்க பேச்சாச்சி?” என்று கேட்டாள். வண்டி விஷயத்தில் நீ தலையிடாதே என்றார் அப்பா. வண்டி விஷயமா அது என்று அம்மா கேட்டாள். ஒரு வாரத்தில் சரியாகிவிடும் என்றுதான் அவள் நினைத்தாள். என்னிடமும் அப்படித்தான் சொன்னாள். பிள்ளைகளுக்குச் சொல்வதைப் பெரியவர்கள் சில சமயம் தாங்களும் நம்பிவிடுகிறார்கள்.

சரியாகவில்லை. வண்டி மூக்கு இல்லாத முகம் மாதிரி மரத்தடியில் நின்றது. ஓட்டைகளில் துணி அடைத்திருந்தார்கள். பம்பும் ஃபேனும் எங்கள் கட்டிலுக்கு அடியில்; ரேடியேட்டர் அவர்கள் பின்கட்டில். பழுத்த சப்போட்டாக்கள் பானெட்டின் மேல் விழுந்து கிடக்க, அவற்றில் எறும்பு மொய்த்தது. எப்போதும் நாங்கள் சண்டைபோட்டுப் பொறுக்குகிற பழங்கள் அவை. அந்தக் கோடையில் யாரும் பொறுக்கவில்லை. அம்மாவும் அத்தையும் தண்ணீர்க் குழாயடியில் பேசிக்கொண்டார்கள், ஆனால் மாவு, கறிவேப்பிலை, காபிப்பொடி எதுவும் சுவரைத் தாண்டிப் போகவும் இல்லை, வரவும் இல்லை. ஒரு சாயங்காலம் அப்பா செகண்ட் ஷிஃப்டில் இருந்தபோது திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. எஞ்சினை மூடியிருந்த பிளாஸ்டிக் விரிப்பு காற்றில் பறந்தது. அம்மா வெளியே போவதற்குள் அத்தை நனைந்துகொண்டே ஓடிவந்து, விரிப்பை இழுத்து மூடி, மேலே செங்கற்களை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள்.

தோழியும் நானும் பேசிக்கொள்வதை யாரும் தடுக்கவில்லை. ஆனால் என்ன பேசுவது என்று தெரியவில்லை. இப்போதும் அவளோடு தொடர்பில் இருக்கிறேன். இரண்டு பேரும் நாற்பதைத் தாண்டிய பிறகு ஒருநாள் இதைப் பற்றிப் பேசினோம். அன்றைக்கு என்ன நடந்தது என்று அவள் அப்பா பிள்ளைகளிடம் சொல்லவே இல்லையாம். வீட்டுச் சுவரில் ஈரம் ஏறுகிறது, தம்பிக்குச் சளி பிடிக்கிறது, வேறு வீடு பார்க்கலாம் என்று மட்டும் சொன்னாராம். அவள் பல வருடம் அந்தச் சுவரைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். நான்தான் அவளுக்குச் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, எங்கப்பா நல்ல வேளை எங்களிடம் சொல்லவில்லை என்றாள்.

மே மாதத்தில் அப்பாவுக்கு ஒரு பிடிவாதம் வந்தது. எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைத் திறந்து பார்த்துவிடுவது என்று முடிவு செய்தார். தண்ணீர் இல்லாமல் ஓட்டியிருந்தால் ஹெட்டுக்கு அடியில் இருக்கிற கேஸ்கெட் கருகியிருக்கும். அதை எடுத்துக் காட்டினால் தான் சொன்னது நிரூபணம் ஆகிவிடும். அம்மாவிடம் அவர் அப்படித்தான் சொன்னார். எதை நிரூபிக்கப்போறீங்க என்று அம்மா கேட்டாள்.

ஹெட்டைத் தொட வேண்டுமானால் அதற்கு முன்னால் இன்னும் பலவற்றைக் கழற்ற வேண்டும். ஒரு லீவு நாளில் காலையிலேயே தொடங்கினார். ஏர் ஃபில்டர் வந்தது, கார்புரேட்டர் வந்தது. எஞ்சினிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகிற கனமான இரும்புக் குழாய்க் கொத்து மட்டும் அசையவில்லை. அதன் நட்டுகள் துருவேறி எஞ்சினோடு எஞ்சினாக ஒட்டிப்போயிருந்தன. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்தார். சுத்தியலால் தட்டினார். ஸ்பேனர் வழுக்கி முட்டியில் தோல் உரிந்தது. வழக்கமாக ஒருவர் குழாயைத் தாங்கிப் பிடிக்க இன்னொருவர் நட்டைத் திருப்ப வேண்டிய வேலை. அப்பா தன் முழங்காலை முட்டுக்கொடுத்து, வலது கையால் திருப்பி, இடது கையால் தாங்கி, தனியாகவே செய்தார். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்துதான் இருந்தது. மாமா உள்ளே இருந்தார். ரேடியோ சத்தம் கேட்டது.

மதியத்துக்கு மேல் குழாய்க் கொத்து கழன்று வந்தது. அப்பா அதைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தவர் அப்படியே நின்றுவிட்டார். குழாய்களுக்குப் பின்னால், அதுவரை கண்ணுக்கே தெரியாமல் மறைந்திருந்த எஞ்சினின் பக்கவாட்டில், ஒரு பெரிய நாணயம் அளவுக்குத் தகட்டு மூடி ஒன்று இருந்தது. டம்மி என்பார்கள். எஞ்சினைச் செய்யும்போது விடுகிற ஓட்டையை அடைப்பதற்கான மூடி. வேறு எந்த வேலையும் அதற்கு இல்லை. அது துருப்பிடித்து, நடுவில் குண்டூசி நுழைகிற அளவுக்கு அரித்துப்போயிருந்தது. அதிலிருந்து கீழே செம்மண் ஒழுகினாற்போல ஒரு நீண்ட கறை. வண்டி சூடாகும்போது அந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் பீய்ச்சி, நெருப்பாகக் கொதிக்கிற குழாயின் மேல் பட்டு ஆவியாகப் போயிருக்கிறது. அதனால்தான் தரையில் ஒரு சொட்டும் விழவில்லை. கறை பழையது. அடுக்கடுக்காகக் காய்ந்து மொரமொரவென்று இருந்தது. நாங்கள் வாங்குவதற்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும்.

அம்மா டீ கொண்டுவந்தாள். அப்பா அவளுக்கு அதைக் காட்டினார். அம்மா குனிந்து பார்த்தாள்.

“இதுக்கா?” என்றாள். டீயை மட்கார்டின் மேல் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

டீ ஆறியது. அப்பா அதைக் குடிக்கவில்லை. கை கழுவாமலேயே பக்கத்து வீட்டு வாசலுக்குப் போனார். போய் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. மாமா லுங்கியோடு வெளியே வந்தார். வண்டியின் அருகில் குனிந்து அந்த மூடியை ஆள்காட்டி விரலால் தொட்டார். நகம் பட்டதும் தகடு உதிர்ந்தது; விரல் உள்ளே போய்விட்டது.

“பழசு. நாம வாங்கறப்பவே இருந்திருக்கும்” என்றார் அப்பா.

“இருக்கும்” என்றார் மாமா. விரலை லுங்கியில் துடைத்துக்கொண்டார். பிறகு, “ஜேசி ரோட்ல கெடைக்கும். வாங்கியாங்க. ஞாயித்துக்கெழம மாட்டிடலாம்” என்றார்.

வாங்கியா என்று சொல்லவில்லை, வாங்கியாங்க என்றார். அப்பாவும் அதைக் கவனித்திருப்பார்.

ஞாயிறன்று மாமா ரேடியேட்டரைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். அவர் அதைச் சுத்தம் செய்து, வளைந்த இடங்களை நிமிர்த்தி, கருப்புப் பெயின்ட் அடித்துப் புதிது போல ஆக்கியிருந்தார். பேசாமல் இருந்த வாரங்களில், தன் வீட்டுப் பின்கட்டில் உட்கார்ந்து அதைச் செய்திருக்கிறார். அப்பா பெயின்ட்டைத் தடவிப் பார்த்தார்.

அன்று முழுவதும் இரண்டு பேரும் வேலை செய்தார்கள். தேவையான பேச்சு மட்டும். புது மூடியை வைத்து மாமா தாங்கிக்கொள்ள அப்பா அடித்தார். கழற்றிய வரிசைக்குத் தலைகீழாக ஒவ்வொன்றாக உள்ளே போனது. ஒருவர் கை நீட்டுவதற்கு முன்பே மற்றவர் சரியான ஸ்பேனரை எடுத்து வைத்தார். அதைப் பார்த்து அம்மாவுக்கும் எனக்கும் நம்பிக்கை வந்தது. அம்மா நிறையச் சமைத்தாள். இரண்டு பேரும் மரத்தடியிலேயே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சாயங்காலம் வண்டி முதல் சாவியிலேயே கிளம்பியது. இருவரும் நெலமங்கலம் வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார்கள். முள் நடுவிலேயே நின்றது.

கேட்டுக்குள் வந்து இறங்கியதும் அப்பா சாவியை நீட்டினார்.

“வர ஞாயிறு உன் முற.”

மாமா சாவியை வாங்கவில்லை. “வேணாம் சார். இனிமே நீங்களே வெச்சிக்குங்க.”

“அன்னிக்கு ஏதோ கோவத்துல வந்துடுச்சி.”

“கோவத்துல வந்திருந்தா அன்னிக்கே மறந்திருப்பேன். கோவத்துல நாம எவ்ளோ பேசியிருக்கோம். இது கோவம் இல்ல. நீங்க முன்னாடியே மனசுல வெச்சிக்கினு இருந்தது.”

அவர் சத்தம் போடவில்லை. வண்டியின் பானெட்டைக் கையால் ஒருமுறை அழுத்தி, சரியாக மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போனார். பிற்பாடு அப்பா அவர் பங்கைக் கொடுத்தார், அவரும் வாங்கிக்கொண்டார். அதில் எந்தத் தகராறும் இல்லை.

பள்ளி திறப்பதற்கு முன்பே அவர்கள் மர்பி டவுனுக்கே வீடு மாறினார்கள். காலையிலிருந்து மாமாவின் மைத்துனர்கள் டெம்போவில் சாமான் ஏற்றினார்கள். அப்பா வீட்டுக்குள்ளேயே செய்தித்தாளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கூப்பிட்டால் போகலாம் என்றார். யாரும் கூப்பிடவில்லை. அத்தை வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தோழி தன்னுடைய ஜாமெட்ரி பாக்ஸை என்னிடம் கொடுத்து என்னுடையதை வாங்கிக்கொண்டாள். டெம்போ கிளம்பியது. மைத்துனர்கள் வேறு வேலை இருக்கிறது என்று பஸ் பிடிக்கப் போனார்கள்.

அம்மா வாசலிலிருந்து திரும்பி வந்து, அப்பாவின் கையிலிருந்த செய்தித்தாளை எடுத்து மடித்தாள்.

“ஏத்தறதுக்கு ஆளுங்க இருந்தாங்க. அங்க எறக்கறதுக்கு யாரு இருக்காங்க? மாடி வீடாம்.”

அப்பா அவளைப் பார்த்தார்.

“போங்க” என்றாள் அம்மா. “போயி சொல்லிட்டு வாங்க. வண்டி இப்ப நல்லாத்தான ஓடுது.”

அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனார். பொழுது சாய்கிற நேரத்துக்குத்தான் வந்தார். சட்டைத் தோளில் சுண்ணாம்பு அப்பியிருந்தது. முதுகு முழுக்க வியர்வை. அம்மா சொம்பில் தண்ணீர் கொடுத்துவிட்டு எதிரில் நின்றாள்.

“சொன்னீங்களா?”

“சொன்னேன்.”

“எப்ப?”

“மாடிப்படி திருப்பத்துல கட்டில் மாட்டிக்கிச்சி. அவன் மேல நிக்கறான், நான் கீழ நிக்கறேன். முன்னாடியும் போகல, பின்னாடியும் வரல. அப்பதான் சொன்னேன். அன்னிக்கு நான் பேசினது தப்பு, எங்கண்ணன் சொன்னப்ப வாய மூடிக்கினு இருந்ததும் தப்புன்னு.”

“அதுக்கு அவரு என்ன சொன்னாரு?”

அப்பா தண்ணீரை முழுவதும் குடித்துவிட்டுச் சொம்பைக் கீழே வைத்தார்.

“‘மொதல்ல உன் பக்கம் தூக்கு’ன்னான்.”